புதுப்பிப்பு: புராசஸரை மாற்றவில்லை, கூலரை மட்டும் மாற்றினேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: என் கம்ப்யூட்டரில் 2019 மாடல் ரைசன் 5 3600 புராசஸர், பி450 மதர்போர்டு, வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் புராசஸர் சூடு 95 டிகிரியைத் தொடுகிறது, புதிய ரைசன் 7 5700எக்ஸ் புராசஸருக்கு மாறலாமா என்று. "முதலில் கூலரை (புராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இறக்கும் தகடும் விசிறியும்) கழற்றிப் பார்" என்றவர்களுக்கு ஒரு கும்பிடு.

கழற்றினேன். தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. புராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. (என்னுடையதைப் போல ஏஎம்4 சாக்கெட் (புராசஸர் பொருந்தும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் கூலரை நேராக இழுக்காதீர்கள். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே மெல்லத் திருகி எடுங்கள். இல்லாவிட்டால் புராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள ஊசிக்கால்கள் வளையும்.)

120 மி.மீ. விசிறியுள்ள டவர் கூலர் (கோபுரம் மாதிரி உயரமானது) போட்டேன். அதே ரெண்டர், இப்போது 72 டிகிரி. விசிறிச் சத்தமும் அடங்கிவிட்டது.

சரி, வேகம்? ஒரு மணி நேர வேலையில் மூன்று நிமிடம்தான் மிச்சம். இந்தப் புராசஸரின் ஆறு கோரும் (வேலை செய்யும் பகுதிகள்) முழுமூச்சில் ஓடுகின்றன, அதற்கு மேல் கூலர் என்ன செய்யும்? பிறகு மாறினாலும், எட்டு கோர் 5700எக்ஸும் இதைப் போலவே 65 வாட்தான், அதன் பெட்டியில் கூலர் வராது, ஆகவே இந்தக் கூலரே அதற்கும் போதும். புதியதைப் போர்டு அடையாளம் காண, பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) மட்டும் பழைய புராசஸர் இருக்கும்போதே புதுப்பித்துவிட்டேன். தீபாவளி வரை பழசே ஓடட்டும்.