தோட்டக் காவலுக்கும் இரவுப் பயணத்துக்கும் எந்தக் கத்தி பொருத்தம்?

கேள்வி: தேன்கனிக்கோட்டை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். அஞ்செட்டி சாலையை ஒட்டிய எங்கள் மானாவாரி நிலத்தில் ராகியும் அவரையும் போட்டிருக்கிறோம். அறுவடை முடியும்வரை நானும் தம்பியும் மாறி மாறி இரவுக் காவலுக்குப் போக வேண்டும். ஓசூரில் வேலை முடித்து இரவு நேரத்தில் வண்டியில் தனியாகத் திரும்பும் நாட்களும் உண்டு. கயிறு அறுக்கவும், குச்சி சீவவும், அவசரத்துக்குத் தற்காப்பாகவும் உதவும்படி ஒரே கத்தியாக வாங்க நினைக்கிறேன். இணையத்தில் மடக்குக் கத்தி, ராணுவக் கத்தி என்று விதவிதமாக விற்கிறார்கள். சந்தையிலோ பட்டறையில் அடித்த கத்தி கிடைக்கிறது. எந்த இரும்பு, எவ்வளவு நீளம், போலீஸ் சோதனையில் சிக்கல் வருமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பாலக்கோடு பட்டறை

தம்பி, எங்களுக்குப் பரம்பரையாகவே பட்டறைத் தொழில் என்பதால் இரும்பிலிருந்து தொடங்குகிறேன். லாரிப் பட்டையில், அதாவது லாரியின் அடியில் எடை தாங்கும் வில்பட்டை எஃகில், அடித்த கத்தி உங்கள் வேலைக்கு மிகவும் ஏற்றது. அந்த எஃகில் கரிச்சத்து ஏறக்குறைய அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருப்பதால், முறையாகக் காய்ச்சித் தோய்த்தால் (சூட்டோடு முக்கிக் குளிர வைத்தால்) வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூர்மையாக நிற்கும், முதுகு வளைந்து கொடுக்கும். தோய்ப்பது சரியாக அமைந்ததா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடலாம்: வாயோரத்தில் அரத்தை மெல்ல வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும். அரம் சுலபமாக இறங்கினால் அந்தக் கத்தி இரண்டு நாளில் மழுங்கிவிடும். நேர்மாறாக, தோய்த்தபின் மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தாமல் விட்ட கத்தி, கல்லில் பட்டால் பல் பல்லாக உதிரும்.

அடுத்தது பிடி. இரும்பு பிடியின் கடைசி வரை ஓடி, இருபுறமும் மரம் வைத்து ஆணி அறைந்த கத்தியையே எடுங்கள். மெல்லிய காம்பைச் சூடாக்கி மரத்துக்குள் செருகியது கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும், பலமாக அழுத்தும்போது கழன்றும் வரும். ஈரக் கை முன்னால் வழுக்கி வாயில் படாதபடி பிடியின் முன்பக்கம் சற்றுப் புடைத்திருக்க வேண்டும். காவல் கொட்டகையில் நடக்கும் வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை இந்தப் புடைப்பு இல்லாததால் வருபவை என்பது என் எண்ணம். இலை, அதாவது பிடி நீங்கலான வெட்டும் பகுதி, நான்கு அங்குலமும், முதுகு மூன்று மில்லிமீட்டர் கனமும் போதும். முள் வெட்டுவதற்குக் கொட்டகையில் தனியாக ஒரு கொடுவாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையைச் சின்னக் கத்தியிடம் கேட்கக் கூடாது. ரம்பப் பல் வைத்த கத்தியை நம் ஊர்ச் சாணையில் தீட்ட முடியாது.

பதில்: கிருஷ்ணகிரி வழக்கறிஞர்

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, இலை 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்குமாகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. கொடுவாள் நிலத்தில் இருக்கும்போது விவசாயக் கருவிதான். அதையே நள்ளிரவில் இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றால் காவலர் கேள்வி கேட்கத்தான் செய்வார். நான்கு அங்குலக் கத்தியும் உறையிட்டு, மற்ற சாமான்களோடு பைக்குள் இருப்பதே நல்லது.

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது, 1.7.2024 வரை இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளாக இருந்தது. தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. பணத்தைக் கேட்டு வழிமறிப்பவனிடம் கத்தியை உருவுவதால் சண்டை பெரிதாகிறது, அதே கத்தி பறிபோய் உங்கள் மீதே திரும்பவும் கூடும். வண்டியை நிறுத்தாமல் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்கு ஓட்டிப் போய் 112க்கு அழைப்பதுதான் தற்காப்பு. கத்தியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பதில்: உரிகம் காட்டுப் பாதை

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு காட்டைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் உங்கள் பகுதியில்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடை செய்கிறது. அச்சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் அடங்கும். எனவே மாடு தேடிக்கொண்டு எல்லைக்குள் இறங்கும் முன்பு கத்தியைக் கொட்டகையில் வைத்துவிடுங்கள்.

ராகி முற்றும் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குவது உங்களுக்கே தெரியும். யானையிடமும் காட்டுப்பன்றியிடமும் கத்தி எதற்கும் உதவாது. அதற்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டார்ச் விளக்கு ஒன்று வாங்குங்கள். தனியாகக் காவல் இருக்காதீர்கள். யானை வந்தால் விரட்டப் போகாமல் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். இன்னொன்று: பாம்பு கடித்தால் கத்தியால் கடிவாயைக் கீறவே கூடாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் போடுவார்கள்.

தேன்கனிக்கோட்டை விவசாயி

மூவருக்கும் நன்றி. நான்கு அங்குலக் கத்தியும் டார்ச்சும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பாலக்கோடு அண்ணா, பனிக்காலத்தில் துருப் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

பாலக்கோடு பட்டறை

வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெயை விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். தோல் உறை பனி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; இரவு முழுவதும் கத்தியை அதற்குள் விடாமல் வெளியே எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். இலை கொஞ்சம் கறுத்தால் கவலை வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். செம்பழுப்புத் துரு கண்டால் மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.