முதல் சம்பளம் வாங்கும் தம்பிக்கு ஏற்ற தமிழ் நூல் எது?

வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. டிப்ளமோ முடித்த 21 வயதுத் தம்பி, நாகர்கோவிலில் ஒரு நிறுவனத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சில ஆண்டுகளில் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணமும் உண்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றால் வீட்டுச் செலவையும் அவன்தான் பார்க்க வேண்டும்.

ராபர்ட் கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' நூலைத் தமிழில் வாங்கிக் கொடுத்தேன். 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்நூல் ஊக்கம் தருகிறது என்றாலும், அதன் வரிக் கணக்கும் வீட்டுமனை முதலீடும் அந்நாட்டுக்கானவை. ஜார்ஜ் கிளாசன் 1926இல் எழுதிய பாபிலோன் கதைகளில் வரும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஒதுக்கும் பழக்கம் அவனுக்குப் பிடித்துப்போனது. ஆனால், ஒதுக்கியதை 15 ஆண்டு முதிர்வுள்ள பொது வருங்கால வைப்பு நிதியில் போடுவதா, பரஸ்பர நிதியில் போடுவதா, ஊர்ச் சீட்டில் சேருவதா என்பதற்கு அங்கே விடையில்லை. யூடியூப் காணொளிகளையும் பார்த்தோம். பெரும்பாலானவை கடைசியில் ஏதேனும் கட்டண வகுப்பை விற்பதிலேயே முடிகின்றன. அருகிலுள்ள நூலகத்தில் போட்டித் தேர்வு நூல்களே அதிகம்.

ஆங்கில நூல்களை அவனால் சரளமாக வாசிக்க இயலாது. வெறும் தன்னம்பிக்கை உரையாக இல்லாமல், சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, கடன், தொழில் முதலீடு ஆகியவற்றை இந்தியச் சட்டதிட்டங்களோடு விளக்கும் தமிழ் நூல்களில், நீங்களே வாசித்துப் பயனடைந்தது எது?