கம்பளி கில்ட்: 350 பவுண்டுக்குள் எதை எடுப்பது?

நண்பர்களே, எடின்பரோவில் ஒரு கல்யாணத்துக்கு முழுக் கம்பளி கில்ட் வேணும் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும், பின்பக்கம் மடிப்பு வைத்த கட்டம் போட்ட பாவாடை). மூணு தையல்காரர்களிடம் விசாரித்தாச்சு.

ஒருத்தர் 8 கெஜம், 16 அவுன்ஸ் (ஒரு கெஜத் துணியின் எடை) துணி, மெஷின் தையல். இன்னொருத்தர் 5 கெஜம், 13 அவுன்ஸ், கைத்தையல். இருவருமே ஸ்காட்லாந்தின் செல்கர்க் ஊரில் உள்ள லோக்காரன் ஆலைத் துணிதான் போடுகிறார்கள். மூணாவது ஆள் பாதி விலைக்கு 'அக்ரிலிக் வுல்' என்கிறார். அது செயற்கை இழை, இஸ்திரிச் சூட்டில் பளபளத்துப் போகும், மடிப்பும் நிற்காது. அதைத் தள்ளியாச்சு.

கெஜம் குறைந்தால் மடிப்பின் ஆழமும் குறையும், நடக்கும்போது பின்பக்கம் வீசி ஆடாது. 16 அவுன்ஸ் கனமாக விழும், சீக்கிரம் கசங்காது. ஆனால் மண்டபத்துக்குள் ஆடினால் வேர்த்துக் கொட்டும்.

மெஷின் தையலில் என் கவலை வெளியே தெரியும் கோடு இல்லை, உள்பக்கம்தான். இடுப்பிலிருந்து பிட்டம் வரை மடிப்புகளைக் குறுக்கித் தைத்துவிட்டு, உள்ளே மிஞ்சும் துணியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அங்கே கேன்வாஸ் வைத்துத் தாங்கல் கொடுக்காவிட்டால், இடுப்புப் பட்டையை இறுக்க இறுக்க மடிப்புகள் வாயைப் பிளக்கும். லைனிங் மூடிவிடுவதால் வாங்கும்போது கண்ணில் படாது.

அளவு பற்றிச் சொல்ல வேண்டாம், அது தெரியும்: தொப்புள் மட்டத்தில் இடுப்பு, அங்கிருந்து முழங்கால் நடு வரை நீளம், இன்னொருவர் அளக்கணும்; ஜீன்ஸ் அளவு ஆகாது.

மெஷினில் தைத்த 8 கெஜக் கில்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டா? உள்ளே கேன்வாஸ் இருந்ததா? 5 கெஜத்தில் பின்பக்கக் கட்டங்கள் முன்பக்கத்தோடு பொருந்தி வருமா? போட்டோ இருந்தால் போடுங்க.