புதுப்பிப்பு: வால்பாறை வெட்டுக்கிளியின் பெயரில் ஒரு திருத்தம்

போன மாதம் வால்பாறைக் காட்டோரத்தில் எடுத்த வெட்டுக்கிளிப் படத்தைப் போட்டு, 'மெகோபோடா எலோங்கட்டா' (முதல் சொல் பேரினம், அடுத்தது இனம்) என்று உறுதியாக எழுதியிருந்தேன். அந்த உறுதியைத் திரும்பப் பெறுகிறேன். 'அது சிறகை உரசிப் பாடும் பாட்டைக் கேட்டீர்களா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நான் கேட்கவே இல்லை.

எலோங்கட்டா 1758-இல் உயிரினங்களுக்குப் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர். ஆனால் தென்னிந்தியாவில் அந்தப் பெயரில் திரிபவை ஒரே இனம்தானா என்பதே கேள்வி. விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இந்தப் பூச்சிகள் 5 விதமாகப் பாடுவதைக் காட்டினார்கள். ஒன்றுக்கு 'ஹெலிகாப்டர்', இன்னொன்றுக்கு 'ரயில்' என்றே பெயர். பெண் பூச்சி துணையைத் தேடிப் போவது பாட்டை வைத்துத்தான். அதனால் பாட்டு வேறானால் இனமும் வேறாக இருக்கக்கூடும்.

சனிக்கிழமை ராத்திரி ரெக்கார்டரோடு மறுபடி போனேன். இடுப்பளவு புதரில் ஓர் ஆண். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிப் பார்த்தேன்: இடது முன்சிறகு மேலே, வலது கீழே, இரண்டும் உரச உரச, நின்று நின்று வரும் 'சிர்ர்ப்'. முன்னங்கால் முட்டிக்குச் சற்றுக் கீழே சின்னப் பிளவு, அதுதான் காது. என்ன அழகு!

ஒலிப்பதிவை, அன்றைய வெப்பநிலையோடு இங்கே சேர்த்திருக்கிறேன். குளிரில் பாட்டின் வேகம் குறையும். படத்தின் கீழே இனி 'மெகோபோடா, இனம் உறுதியில்லை' என்றுதான் இருக்கும்.