வெள்ளத்துல உங்க நாயா, முன்னபின்ன தெரியாத மனுஷனா?

கேள்வி: 2005 கத்ரீனா புயலப்போ அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல நாய், பூனைய விட்டுட்டு மீட்பு படகுல ஏற மாட்டோம்னு நிறைய பேர் வீட்டுலயே தங்கிட்டாங்க, நீங்களா இருந்தா உங்க நாயும் யாரோ ஒருத்தரும் தண்ணில தத்தளிச்சா யாரை தூக்குவீங்க?

பதில் 1: மனுஷனைத்தான். அழுதுகிட்டேதான் தூக்குவேன், ஆனா அவரைத்தான், அவருக்கும் வீட்டுல புள்ளகுட்டி காத்துட்டு இருக்கும்ல.

பதில் 2: என் நாய் எனக்கு பெத்த புள்ள மாதிரிங்க. கை தானா அது பக்கம்தான் போகும்.

பதில் 3: ரெண்டுல ஒண்ணுன்னு கேக்குற நிலைமையே வரக்கூடாதுங்க. நாயை ஏத்தலன்னா ஆளும் ஏறல, ரெண்டு உயிரும் ஆபத்துல. அதனாலதான் 2006ல அமெரிக்காவுல பேரிடர் திட்டத்துல வளர்ப்பு பிராணிகளையும் சேர்க்கணும்னு சட்டமே போட்டாங்க, இங்கயும் அப்படி வேணும்.