பழைய கடிதங்களை வெட்டாமல் படமாக்க

கொலாஜோ ஃபிரேமோ செய்ய நினைப்பவர்கள் முதலில் கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள். அசல் அப்படியே இருக்கட்டும், வேலையெல்லாம் நகலில்தான்.

இன்லேண்ட் லெட்டர் மடிப்பில்தான் ஒடியும். கையால் நீவி நிமிர்த்தாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் ஈரத்துணி, அதன் மேல் வலைத்தட்டு, தட்டின் மேல் கடிதம். ஒரு மணி நேரத்தில் தாள் தளரும். பிறகு மையொற்றுத் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, ஒரு நாள் கனமான புத்தகம் ஏற்றுங்கள். ஓரத்துப் பசை ஈரத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும், அங்கே பட்டர் பேப்பர் கட்டாயம். மைப்பேனா எழுத்தா? ஒரு புள்ளியில் ஈரப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நீலம் ஏறினால் ஈரமே கூடாது, வெறும் பாரம் போதும்.

ஸ்கேன் 600 டிபிஐ. தாள் மெல்லியது என்பதால் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க எழுத்து தெரியாது.

*

தேதி இல்லாத கடிதங்களுக்கு: பின்கோடு கட்டம் அச்சாகியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. முகவரியில் ‘சென்னை’ என்றிருப்பதை வைத்து 1996-க்குப் பிறகு என்று முடிவுகட்டாதீர்கள். தமிழில் முன்பே அப்படித்தான் எழுதினோம். ‘சென்னை-4’ மயிலாப்பூர், ‘சென்னை-17’ தியாகராய நகர். அந்த எண்கள்தான் 600004, 600017 என்று நீண்டன.

கல்யாணச் சேதி வந்த கடிதத்தின் மூலையில் மஞ்சள் இருக்கும். அதை வெயில்பட மாட்டினால் வெளிறிப்போகும். சோப்புத் துணியால் துடைத்தால் சிவந்துவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்குமே, அதே கதை.

*

கையெழுத்தை மட்டும் பெரிதாக எடுக்க சயனோடைப் அருமையான வழி; ரசாயனம் பூசிய தாளில் வெயிலால் நீலப் படம் அச்சாக்கும் முறை அது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். தனித்தனியே 100 மில்லி தண்ணீரில் கரைத்து, பூசும் நேரத்தில் சம அளவு கலக்க வேண்டும். கையுறை போடுங்கள், பூச்சில் வெளிச்சம் படாமலிருக்க ஜன்னலை மூடுங்கள். பூசுவதற்குத் தடித்த வாட்டர்கலர் தாளைச் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தேடலாம்.

ஸ்கேனை நெகட்டிவ் ஆக்கி ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்செடுங்கள். மையுள்ள பக்கம் தாளைத் தொட்டால்தான் எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழும். அதனால் இடவலமாகத் திருப்பி அச்செடுக்க வேண்டும். மறந்தால் பாட்டியின் ‘சௌக்கியமா’ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்கும். லேசர் அச்சின் கறுப்பு போதாது, இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள்.

பூச்சு நன்றாகக் காய வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரைகுறையாகக் காய்ந்த தாள் ஷீட்டோடு ஒட்டி, திட்டுத்திட்டாகிவிடும். காய்ந்த தாள்மேல் ஷீட்டை வைத்து உச்சி வெயிலில் 6 முதல் 10 நிமிடம்; ஓரப் பூச்சு வெண்கலச் சாம்பலாக மாறினால் எடுத்துவிடலாம்.

இங்கே பலர் கோட்டைவிடுவது கழுவும்போதுதான். காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் நீலத்தைத் தின்றுவிடும். கேன் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுக் கழுவுங்கள்.

மஞ்சள் மூலையும் வேண்டுமானால், அச்சு முழுக்கக் காய்ந்தபின் கரைத்த மஞ்சளை விரலால் தொட்டு வையுங்கள். வெளிறினால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.