சின்தசைசருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருவான்மியூர் எழுதியது:

நண்பர்களே, அவசரம். பழைய மின்னிசைக் கருவிகளைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறார்கள், பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகள் என் தலையில் விழுந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நடுநாயகமாக ஒரு மினிமோக் மாடல் டி, அதாவது மின்சுற்றால் ஒலி எழுப்பும் சின்தசைசர், 1970இல் வந்த வகை. மர உடம்பு, நிமிர்த்தி வைக்கிற முகப்பு, 44 கட்டைகள். எத்தனை விரல் வைத்தாலும் ஒரே சுரம்தான் பேசும், அதுவும் அழுத்தியதிலேயே தாழ்ந்த கட்டையின் சுரம். ஆஸிலேட்டருக்கு அலையியற்றி, ஃபில்டருக்கு வடிகட்டி என்று போட்டுவிட்டேன். சின்தசைசருக்கு 'ஒலித்தொகுப்பி' போடலாமா? சூடு ஏற ஏற சுருதி தானாக நகருமே, டிரிஃப்ட், அதற்கும் ஒரு சொல் கொடுங்கள்.

கிண்டி எழுதியது:

> 'ஒலித்தொகுப்பி' போடலாமா?

வேண்டாம். தொகுப்பது என்றால் சிதறிக் கிடப்பதைச் சேர்ப்பது. இந்தக் கருவி செய்வது நேரெதிர். மூன்று அலையியற்றிகளும் ரம்பப்பல் அலை, சதுர அலை என்று மேற்சுரங்கள் மண்டிய முரட்டு ஒலியைக் கொட்டுகின்றன, அதிலிருந்து வேண்டாததை வடிகட்டி சீவி எறிகிறது. அந்த வடிகட்டிதான் மோக்கின் உயிரே. டிரான்சிஸ்டர்களை ஏணிப்படி மாதிரி அடுக்கி, ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் வெட்டுகிற சுற்று. கூட்டுகிற வேலையே பெரிதாக இல்லாத கருவிக்குத் தொகுப்பி என்று பெயர் வைத்தால் மாணவனுக்கு முதல் வரியிலேயே தப்பான படம் போய்ச் சேரும். 'ஒலிச்செதுக்கி' என் பரிந்துரை.

பெரம்பூர் எழுதியது:

கிண்டித் தம்பிக்கு இலக்கணம் மறந்துவிட்டது. செய்யுள் விகாரம் ஆறில் ஆறாவது எது? வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல். 'சிறிய இலை' என்பது 'சிறியிலை' ஆகிறதே, நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகிறது, அதற்குப் பெயர்தான் தொகுத்தல். வேற்றுமைத் தொகையில் உருபு எங்கே போயிற்று? மறைந்து நிற்கிறது. ஆகவே தமிழ் மரபில் தொகுத்தல் என்றால் விட்டு நீக்குவதும்தான். ஒலித்தொகுப்பி முற்றிலும் சரி.

இன்னும் ஒன்று. தொல்காப்பியர் பிறப்பியலில் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று தொடங்குகிறாரே, அந்த வளி மிடற்றில் நின்று பல்லிலும் இதழிலும் நாவிலும் அண்ணத்திலும் பட்டுத்தான் எழுத்தாகிறது. முதலில் மூலம், பிறகு வடிவம் கொடுக்கும் உறுப்பு. உங்கள் அலையியற்றியும் வடிகட்டியும் இதுதானே?

கிண்டி எழுதியது:

ஐயா, வாதம் அழகு. ஆனால் அட்டையைப் படிக்கப்போகிறவர்களில் எத்தனை பேருக்குச் செய்யுள் விகாரம் நினைவிருக்கும்?

மேற்கு மாம்பலம் எழுதியது:

யாரும் யோசிக்காத ஒன்று: சிந்திசை. சிந்து + இசை. வினைத்தொகை, சிந்திய, சிந்துகிற, சிந்தும் இசை. காவடிச் சிந்தின் சிந்துவும் உள்ளே இருக்கிறது. சுருதி தானாகச் சிந்திப் போகிற கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? காதுக்கும் சின்தசைசர் போலவே இருக்கிறது.

திருவான்மியூர் எழுதியது:

சிந்து என்றதும் ஞாபகம் வருகிறது, ஸ்தாயி மாற்றும் குமிழில் 32, 16, 8, 4, 2 'அடி' என்று போட்டிருக்கிறது. அப்படியே 'எட்டடி' என்று எழுதினால் குழம்புமா?

பெரம்பூர் எழுதியது:

ஆர்கன் குழலின் நீளம் அது. நம் யாப்பிலோ இருசீர் குறளடி, முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி. மாம்பலத்தாரின் சிந்து இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது பாருங்கள்! முப்பத்திரண்டடி ஆசிரியப்பா ஒன்றை அந்தக் கருவியில் வாசித்துக் காட்டலாம்.

வடபழனி எழுதியது:

நான் பண்டிதன் இல்லை, ரெக்கார்டிங்கில் கேபிள் சுருட்டியவன். நாங்கள் எல்லோரும் 'மூக்' என்றுதான் சொல்வோம். அதை உருவாக்கிய ராபர்ட் மோக் தன் பெயரை 'மோக்' என்றுதான் சொல்வார் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது, அதுவரை மூக்கு ஜோக் அடித்தே காலம் போனது. கல்யாணக் கச்சேரியில் கேளுங்கள், எல்லாமே 'கீபோர்டு'தான்.

அந்தக் கருவியில் எதையும் சேமித்து வைக்க முடியாது. அமைத்த சத்தம் குமிழ்கள் நிற்கிற நிலையில்தான் இருக்கிறது. ஒரு தடவை நல்ல பேஸ் சத்தம் அமைந்தது, சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் யாரோ துடைக்கிறேன் பேர்வழி என்று துணியைப் போட்டு இழுத்துவிட்டார்கள், அதே சத்தம் திரும்ப வரவே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு குமிழுக்கு எதிரிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட ஆரம்பித்தோம். சிவப்புப் பொட்டு பேஸ், பச்சை புல்லாங்குழல் மாதிரி ஒன்று. சுருதி வளைக்கும் சக்கரத்தில் ஸ்பிரிங் கிடையாது, தள்ளிய இடத்தில் நிற்கும். பழகிய கைக்குக் கமகம் அதில் அருமையாகப் பேசும்.

டிரிஃப்டுக்கு நாங்கள் சொன்னது 'நழுவுது'. ஏசி ரூமில் மிருதங்கமும் நழுவும், இதுவும் நழுவும்.

கிண்டி எழுதியது:

நழுவல் நல்ல சொல். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது கணக்கு, அந்தக் கணக்கைப் போடுகிற டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு ஏற்ப மனம் மாறும். அதனால்தான் மூன்று அலையியற்றிகளும் ஒரு மயிரிழை விலகியே நிற்கும், ஒலி தடிமனாகக் கேட்பதில் அதற்கும் பங்கு உண்டு.

பெரம்பூர் எழுதியது:

குற்றம்தான், ஆனால் அதுவே அழகு என்று ஏற்றுக்கொள்கிறோம். இதற்குத்தான் 'வழுவமைதி' என்று பெயர்.

கிண்டி எழுதியது:

வழுவமைதி என்று அட்டையில் போட்டால் பிள்ளைகள் தமிழ் இரண்டாம் தாள் என்று நினைத்து ஓடிவிடுவார்கள்.

தாம்பரம் எழுதியது:

நடுவில் ஒரு தகவல். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969இலேயே மோக் வந்துவிட்டது, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். மினிமோக் போலச் சிறியது இல்லை, பகுதிகளைக் கம்பி குத்தி இணைக்கிற பெரிய வகை. அட்டையில் ஒரு வரி சேருங்கள்.

திருவான்மியூர் எழுதியது:

சேர்த்தாயிற்று. மணி பதினொன்றரை, அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். எண்ணிப் பார்த்ததில் ஒலித்தொகுப்பிக்கு ஐந்து பேர், அதில் இருவர் 'எதையாவது போட்டுத் தொலையுங்கள்' ரகம். செதுக்கிக்கு ஒன்று, சிந்திசைக்கு ஒன்று. தலைப்பில் 'சின்தசைசர்', கீழே 'ஒலித்தொகுப்பி'. டிரிஃப்ட் 'சுருதி நழுவல்'. அனுப்பிவிட்டேன்.

மேற்கு மாம்பலம் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே. இன்னும் பத்து வருடம் கழித்து யாராவது சிந்திசை என்று எழுதுவார்கள், அன்றைக்கு இந்த இழையை எடுத்துக் காட்டுவேன்.

வடபழனி எழுதியது:

கருவியைத் திறப்புக்கு அரைமணி முன்னாலேயே ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள் சார், இல்லையென்றால் விருந்தினர் முன்னால் நழுவும். வலப்பக்கம் 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை வைத்துச் சுருதி சேருங்கள். பொட்டு நான் கொண்டுவருகிறேன்.